ஊறுகாய்த் தரம்

முதலில் எனக்குத் துரோகம் செய்தவன் மெடிக்கல் கடை ஞானதிரவியம். என் மகள் அப்புறம்தான். மருமகன் அதற்கும் அப்புறம். வீட்டுக்காரியை இந்த வரிசையில் எங்கே வைப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

எதற்குச் சொல்கிறேன் என்றால், தம்பி, உங்கள் சம்சாரம் பஸ் ஏறினதிலிருந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே வருகிறது. எத்தனையாவது மாதம்? மூன்றா? நினைத்தேன். இந்தாருங்கள், இந்தப் பழத்தைப் பிடியுங்கள். நகத்தால் தோலைக் கீறி மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காசெல்லாம் வேண்டாம். பை நிறைய இருக்கிறது. என் மகளுக்கென்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தது. ஒன்றுகூடக் குறையாமல் என்னோடு திரும்பி வருகிறது.

வேண்டாம் என்கிறதா? சரி, நீங்கள் கையில் வைத்திருங்கள். கொஞ்ச நேரத்தில் அதுவே கேட்கும்.

நான் எலுமிச்சை மண்டியில் பழம் தரம் பிரிக்கிறவன். ஆவுடையப்பன் என்றால் எங்கள் மண்டியில் தெரியாத ஆள் கிடையாது. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. பழத்தைக் கையில் எடுத்தால் போதும், இது கேரளாவுக்கு, இது உள்ளூர்ச் சந்தைக்கு, இது ஊறுகாய்க்கு என்று கை பாட்டுக்குப் பிரித்துக்கொண்டே போகும். எல்லாம் ஒரே மரத்தில் காய்த்ததுதான். ஒரே மூட்டையில் வந்ததுதான். ஆனால் ஒன்றின் விலை குறைகிறது என்றால் அதில் ஏதோ இருக்கிறது. தோல் தடிப்பாக இருக்கும், இல்லை வண்டு குத்தியிருக்கும், இல்லை உள்ளே வெறும் சக்கையாக இருக்கும். காரணம் இல்லாமல் ஒரு பொருளின் விலை குறையாது. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

பூங்கனி எனக்கு ஒரே மகள். மருமகன் செந்தட்டி புனலூரில் பரோட்டா மாஸ்டர். அவன் அங்கே அடுப்பில் நிற்கிறான், இவள் அவன் ஊர் வீட்டில் தனியாக எதற்குக் கிடக்க வேண்டும் என்று, மசக்கை ஆரம்பித்ததும் நான்தான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். நான்தான் போனேன். அதை இப்போது யாரும் சொல்வதில்லை.

எல்லோருக்கும் வருகிற வாந்தி இல்லை அது. சோறு கொதிக்கிற வாசனைக்கு வாந்தி. பக்கத்து வீட்டில் தாளித்தால் வாந்தி. பச்சைத் தண்ணீர் குடித்தால் குடித்த தண்ணீரே திரும்பி வரும். கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, கையில் போட்ட வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கிற்று. கொல்லைக்குப் போவது என்றாலும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போவாள்.

"மசக்கைன்னா அப்படித்தான் இருக்கும்" என்றேன் நான்.

உலகம்மாள், அதாவது என் வீட்டுக்காரி, உலையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்: "நீங்க எத்தன புள்ள பெத்திய?"

இப்படித்தான் பேசுவாள். கேட்டுக் கேட்டு எனக்கு மரத்துப்போய்விட்டது.

அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். சத்து மாத்திரை கொடுத்தார்கள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். இந்த வாந்திக்கென்று ஒரு மாத்திரை உண்டாம். நர்ஸ் பிள்ளை அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, "அது இப்ப சப்ளை இல்ல தாத்தா, எப்ப வரும்னும் தெரியல. வெளிய வாங்கிக்கிடுங்க" என்று சொல்லிற்று. அந்தப் பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன். அது கையில் என்ன இருக்கிறது?

பிறகு சனிக்கிழமை தோறும் வந்து உட்காருகிற லேடி டாக்டரிடம் போனோம். அந்த அம்மா ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தது. வெளியே டோக்கன் கொடுக்கிற பெண் என்னைக் கூப்பிட்டு, "இதே கம்பெனிதான் வாங்கணும், மாத்தி வாங்கிராதீங்க" என்று இரண்டு தடவை சொன்னது. இரண்டு தடவை, தம்பி. என் காது நன்றாகக் கேட்கும்.

எங்கள் ஊரில் மெடிக்கல் கடை ஒன்றுதான். ஞானதிரவியம் கடை. அட்டை விலையைக் கேட்டதும் சட்டைப் பைக்குள் போன கை அங்கேயே நின்றுவிட்டது. என்னுடைய ஒரு நாள் கூலி. வேலை இருக்கிற நாளின் கூலியைச் சொல்கிறேன். மழை பிடித்துக்கொண்டதால் அப்போது மண்டிக்கு நாலைந்து கூடைக்கு மேல் பழம் வரவில்லை. அந்த அட்டை மூன்று நாளைக்கு முழுசாக வராது. எவ்வளவு காலம் சாப்பிட வேண்டும் என்று கேட்டால், வாந்தி நிற்கிற வரைக்கும் என்கிறான். அதை யார் சொல்ல முடியும்?

ஆனாலும் வாங்கினேன். முதல் அட்டையை நான்தான் வாங்கினேன். அதையும் இப்போது யாரும் சொல்வதில்லை. அதைத் தின்று அவள் இட்லி சாப்பிட்டாள். வாசலில் வந்து உட்கார்ந்து தலை வாரினாள். உலகம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தது எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான்.

அட்டை தீர்ந்தது. வாந்தி திரும்பி வந்தது. மறுபடியும் கடைக்குப் போனேன்.

ஞானதிரவியம் என்னைப் பார்த்ததுமே உள்ளே கையை விட்டு வேறொரு அட்டையை எடுத்துப் போட்டான். வெள்ளை அட்டை. பளபளப்பு இல்லை, படம் இல்லை.

"ஆவுடை, இதக் கொண்டு போரும். வேற கம்பெனி. உள்ள இருக்க மருந்து ஒண்ணுதான். வெல அதுல கால்வாசி. புள்ளைக்கு விடாமக் குடும்."

கடையில் ஆள் நிற்கிறது. டீச்சர் வீட்டு மருமகளும் நிற்கிறது. அதுவும் வயிற்றில் பிள்ளையோடு. அது கையில் டாக்டர் எழுதின அந்தப் பளபளப்பு அட்டை.

"அவங்களுக்கு அது, எம் மவளுக்கு இதா?" என்றேன்.

"அவங்க அதக் கேட்டாங்க, குடுத்தேன். நீரு கஷ்டப்படுதீரேன்னு சொன்னேன்."

"நான் கஷ்டப்படுதேன்னு உம்மகிட்ட வந்து சொன்னேனா?"

"வே, ஒரே மருந்துவே."

"ஒரே மருந்துன்னா ஒரே வெலைல்லா இருக்கணும்? ஊறுகாய்க்குப் போறத எடுத்து எம் மவளுக்குக் குடுக்கீரோ?"

இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்களை விடுங்கள். ஞானதிரவியமும் சிரித்தான். "மாத்திரைய என்ன மரத்துலயா பறிக்காக?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்புதான், தம்பி. இவனும் நானும் ஒரே மண்டியில் மூட்டை சுமந்தவர்கள். அவன் முதுகில் எத்தனை மூட்டை ஏற்றிவிட்டிருப்பேன். மச்சான் காசு போட்டுக் கடை வைத்துக் கொடுத்ததும், கண்ணாடி மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு சிரிக்கிறான்.

வெள்ளை அட்டையைத் தள்ளிவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்தக் கடைப் படியை மிதிக்கவில்லை.

என்ன கேட்டீர்கள்? பக்கத்து ஊரில் கடை இல்லையா என்றா? இருக்கிறது. பஸ்ஸில் போனால் கால் மணி நேரம். அங்கே போனால் இவன் காதுக்குப் போகாதா? ஆவுடையப்பன் நம்மிடம் முகம் காட்ட முடியாமல் அங்கே போய் வாங்குகிறான் என்று சொல்ல மாட்டானா? தப்புச் செய்தவன் கடையில் உட்கார்ந்திருப்பான், நான் பஸ் ஏற வேண்டுமாக்கும்.

மருந்தே வேண்டாம் என்று பழத்துக்கு வந்தேன். வாந்திக்கு எலுமிச்சையைவிட ஒன்று உண்டா? முதல் தரத்தில் கை வைத்தால் முதலாளி விட மாட்டார். அவரிடம் கெஞ்சி வாங்கினேன். கேரளாவுக்குப் போகிற பழம்! சாயங்காலம் மண்டியிலிருந்து நேராக வீட்டுக்கு வந்து, ஒரு பழத்தைக் கையில் கசக்கிக்கொண்டே அவள் பக்கத்தில் போவேன். போனதும் வாந்தி எடுப்பாள். ஒவ்வொரு நாளும், நான் வாசலில் செருப்பைக் கழற்றுகிற நேரம் பார்த்து. சாயங்காலத்தில் பித்தம் ஏறும் போலிருக்கிறது.

ஒரு நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அப்பா, கிட்ட வராதீங்கப்பா. ஒங்க மேல அடிக்கிற வாசன ஆவலப்பா" என்றாள்.

பெற்றவனைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறாள். நான் என்ன கருவாட்டுக் கடையிலா நிற்கிறேன்? எலுமிச்சை வாசனைக்கு உலகத்தில் யாராவது மூக்கைப் பொத்துவார்களா? உலகம்மாள் வேறு, "கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கமா இருங்களேன்" என்கிறாள்.

இருந்தேன். மண்டியிலேயே சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டேன். டீக்கடையில் சாப்பிட்டுக்கொண்டேன். வீட்டிலிருந்து யாராவது கூப்பிட வருவார்கள் என்று பார்த்தேன். வரவில்லை. அதைவிட, என்ன சேதி வந்தது தெரியுமா? நான் இல்லாத அந்த நாளெல்லாம் அவள் கஞ்சி குடித்தாளாம். ரசம் சோறுகூட இறங்கிற்றாம். இதற்கு என்ன அர்த்தம், தம்பி? நான் இருந்தால் வாந்தி, நான் போனால் பசி. என்னைச் சுமையாக நினைத்திருக்கிறாள் என்றுதானே அர்த்தம்?

ஜன்னலை நன்றாகத் திறந்துவிடுங்கள். உங்கள் சம்சாரத்துக்கு மறுபடி குமட்டுகிறது போல.

வீட்டுக்குத் திரும்பினேன். என் வீடு, நான் எதற்கு மண்டியில் கிடக்க வேண்டும்? பீடி பற்ற வைக்கத் தீப்பெட்டி தேடி, அரிசிப் பானைக்குப் பின்னால் கையை விட்டேன். அட்டை. வெள்ளை அட்டை. பாதி காலி. எனக்குத் தெரியாமல் உலகம்மாள் அவனிடம் போய் வாங்கி, எனக்குத் தெரியாமல் மகளுக்குக் கொடுத்து, எனக்குத் தெரியாமல் இருவரும் சேர்ந்து ஒளித்து வைத்திருக்கிறார்கள். என் கூரைக்குக் கீழே.

"எடுத்துட்டுப் போவாதீங்க, அதுதான் அவளுக்குக் கேக்குது" என்று உலகம்மாள் குறுக்கே வந்தாள்.

பூங்கனி எழுந்து வந்தாள். சுவரைப் பிடிக்காமல் வந்தாள். "அப்பா, அது எனக்கு நல்லாக் கேக்குதுப்பா. குடுத்துருங்கப்பா" என்று கையை நீட்டினாள்.

"மண்டியில வேல வரட்டும், ஒரிஜினலாவே வாங்கித் தாரேன். எம் மவ ஊறுகாய்த் தரம் திங்கணும்னு தலையெழுத்தில்ல" என்றேன். எந்தத் தகப்பன் இதைவிட நன்றாகச் சொல்வான்?

நேரே கடைக்குப் போய் அட்டையை மேஜையில் விட்டெறிந்தேன். "எனக்குத் தெரியாம என் வீட்டுப் பொம்பளைக்கு மருந்து குடுக்க நீரு யாருவே?"

ஞானதிரவியம் அட்டையைத் தொடவில்லை. "புள்ள சாப்பிடுதாளா இல்லையா? அத மட்டும் சொல்லும்."

"இனிமே எங்க வீட்டாளுக்கு ஒரு மாத்திரை குடுத்தாலும் கண்ணாடி இருக்காது."

அதோடு நிறுத்திவிட்டான். உலகம்மாள் இரண்டு தடவை போய் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். "ஒங்க சத்தத்துக்குப் பயப்படுதாரு" என்றாள். அது நல்ல மருந்து என்றால் அவன் எதற்குப் பயப்பட வேண்டும்? நீங்களே சொல்லுங்கள். மடியில் கனமில்லாதவனாக இருந்தால், போடா என்று சொல்லிக் கொடுத்திருக்க மாட்டானா?

பக்கத்து ஊருக்கு உலகம்மாள் போயிருக்கலாமே என்றா? போயிருக்கலாம். மகளை ஒரு நிமிஷம் தனியாக விட முடியவில்லை. அவள் எழுந்திருக்கவில்லை. மழை நிற்கவில்லை, வரத்துக் கூடவில்லை. நான் சொன்ன ஒரிஜினலும் வரவில்லை. பழம் மட்டும் நான் கொண்டுபோய்த் தலைமாட்டில் வைத்துக்கொண்டே இருந்தேன். கட்டிலைச் சுற்றிக் கட்டித் தொங்கவும் விட்டேன்.

ஒரு நாள் காலையில் பேச்சுக் குழறிற்று. கண் ஒரு பக்கமாகப் போயிற்று. ஆம்புலன்ஸில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவளைக் காப்பாற்றிவிட்டார்கள். வயிற்றில் இருந்தது தங்கவில்லை. அவளுக்கு ஐந்தாவது மாதம் தொடங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பெண் பிள்ளை.

எதனால் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. கவனித்துக்கொள்ளுங்கள், அடித்துச் சொல்லவில்லை. "உடம்புல தண்ணியே இல்ல, இவ்வளவு நாளு என்ன பண்ணுனீங்க?" என்று மட்டும் கேட்டார். நான்தான் முன்னால் போய்ச் சொன்னேன்: "ஒரு மட்ட மாத்திரையத் தின்னா சார், அதுதான்." அவர் மாத்திரையின் பேரைக் கேட்டார். உலகம்மாள் சொன்னாள். "அது சரியான மருந்துதானே, ஏன் நிறுத்துனீங்க?" என்றார். அவரும் அந்தக் கம்பெனி ஆளாக இருக்கும்.

செந்தட்டி புனலூரிலிருந்து வந்து வராந்தாவில் நின்றுகொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டான். கடை உடுப்போடு வந்திருந்தான், சட்டையெல்லாம் மாவு. என்னை ஒன்றும் திட்டவில்லை. "மாமா, இனி எங்க வீட்டுப் படி ஏறாதீங்க" என்றான். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன்.

இப்போது மறுபடி உண்டாகியிருக்கிறாள். எனக்கு யார் சொன்னது தெரியுமா? மண்டிக்கு லோடு ஏற்ற வந்த டிரைவர் சொன்னான். உலகம்மாள் நாலு சேலையை எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய் மாதக் கணக்கு ஆகிறது. சண்டை போட்டுப் போயிருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். இதற்காகத்தான் போயிருக்கிறாள்.

மனசு கேட்கவில்லை. இன்றைக்குக் காலையில் முதல் தரமாகப் பார்த்துப் பொறுக்கி, இந்தப் பையை நிரப்பிக்கொண்டு போனேன். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே அவள் சத்தம் கேட்டது. அம்மாவிடம் எதையோ சொல்லிச் சிரிக்கிறாள். வாசலில் பையை இறக்கினேன். சிரிப்பு நின்றது. "அம்மா, எலுமிச்ச வாடை" என்றாள். அப்புறம் குமட்டுகிற சத்தம். ஓடுகிற சத்தம்.

செந்தட்டி வெளியே வந்து கதவைச் சாத்தினான். லீவு போட்டு வந்திருக்கிறான்.

"ஒரே ஒரு தடவ மொகத்தப் பாத்துட்டுப் போயிருதேன், மாப்ள."

அவன் பையைக் காட்டினான். "பைய அங்க தெரு முக்குல வச்சிருங்க, மாமா. பின்னால தொட்டி இருக்கு. சோப்புப் போட்டு நல்லாக் குளிங்க. என் சட்டை தாரேன், மாத்திக்கிடுங்க. அதுக்கப்புறம் அவகிட்டக் கேட்டுப் பாக்கேன்."

கேட்டீர்களா? பெண்ணைக் கொடுத்தவனைப் பார்த்துக் குளித்துவிட்டு வா என்கிறான். இழவு வீட்டிலிருந்து வந்தவனைச் சொல்கிற மாதிரி. அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு நான் உள்ளே போக வேண்டுமாம். அதற்கும் உத்தரவாதம் கிடையாது. கேட்டுப் பார்ப்பானாம்!

"எம் மேல என்ன அழுக்கு?" என்றேன்.

"அழுக்குன்னு யாரு சொன்னா? ஒரு சட்டைதான மாமா" என்றான்.

பையைத் தூக்கித் தோளில் போட்டேன். திரும்பும்போது ஜன்னலில் பார்த்தேன். தண்ணீர்ச் செம்பு, அதற்குப் பக்கத்தில் ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு. எல்லாம் வெள்ளை அட்டை. ஒளித்துக்கூட வைக்கவில்லை. மாதக் கணக்கில் அதைத்தான் தின்றிருக்கிறாள். அதைத் தின்றுவிட்டுத்தான் சிரித்திருக்கிறாள்.

பஸ் ஸ்டாப்பு வரைக்கும் உலகம்மாள் பின்னால் வந்தாள். பக்கத்தில் வரவில்லை, பத்தடி தள்ளியே வந்தாள். "அஞ்சாம் மாசம் தாண்டிட்டு. கண்ணு படாம இருக்கட்டும். ஒரு குளியல்தான, குளிச்சா என்ன?" என்றாள். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

உங்கள் சம்சாரம் எங்கே போகிறது? முன் சீட்டுக்கா? போகட்டும், போகட்டும். டிரைவர் பக்கத்தில் காற்று வரும். பாருங்கள், போய் உட்கார்ந்ததும் முந்தானையை எடுத்துவிட்டது. காற்றுதான், தம்பி. வேறொன்றும் இல்லை.

என்ன, பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் அப்போது என்ன சொல்வீர்கள் என்றா கேட்கிறீர்கள்? பிறக்கட்டும். பிறக்க வேண்டாம் என்றா சொன்னேன்? பேரனோ பேத்தியோ, பிறந்து ஓடி விளையாடட்டும். ஆனால் அது வேறு, இது வேறு. ஞானதிரவியம் சிரித்த அதே இடத்தில் நிற்க வேண்டும். கடையில் அதே மாதிரி ஆள் இருக்க வேண்டும். "ஆவுடை, அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மருந்தைப் பற்றி அவன் ஒன்றும் சொல்ல வேண்டாம். அந்த ஒரு வார்த்தை போதும். அவன் சொல்லிவிட்டால் நான் என்னவும் செய்வேன். குளிக்கச் சொன்னால் குளிப்பேன். யார் சட்டை என்றாலும் போட்டுக்கொள்வேன்.

அதுவரைக்கும் எதற்குக் குளிக்க வேண்டும்?

நீங்களும் எழுந்துவிட்டீர்களா? அதற்குள் உங்கள் ஊர் வந்துவிட்டதா? இல்லையே, முன்னால்தான் போகிறீர்கள். சரி, துணைக்கு ஆள் வேண்டும்தான். தம்பி, பழம். பழத்தைச் சீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறீர்களே. முதல் தரம் அது.

போகட்டும். ஞானதிரவியம் இன்னும் சொல்லவில்லை.